விலாசத்தில் யார் பெயர்

நம் பள்ளிக்கூடத் தோழிகள் குழுவில் போன வாரம் முழுக்கக் கடல்தான். நம்மில் ஒருத்தி, ஆங்கிலத்தில் எப்போதும் முதலாவதாக வந்தவள், சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் புருஷனோடு போயிருக்கிறாள். கப்பலில் காபி, கப்பலில் நீச்சல் குளம், கப்பலில் பரோட்டா, எல்லாவற்றுக்கும் படம். படம் வந்து விழுந்ததும் நீங்களெல்லாம் பூங்கொத்தும் கைத்தட்டலும் அனுப்பினீர்கள். நான் ஒன்றும் அனுப்பவில்லை. "என்னடி, உனக்குப் பிடிக்கலையா?" என்று அவளே தனியாகக் கேட்டாள். பிடித்தது. பொறாமையாக இருந்தது, அதனால்தான் அனுப்பவில்லை.

இந்த வயதில் இதைச் சொல்ல வெட்கம் என்ன. எட்டாவதோடு படிப்பு நின்றபின் நான் போகாத ஊர் இல்லை. கோயம்புத்தூரில் ஹாஸ்டல் சமையல், திருப்பூரில் பனியன் மடிப்பு, பம்பாயில் பிள்ளை பார்க்கும் வேலை, மஸ்கட்டில் ஒரு படுத்த படுக்கையான கிழவரைப் பார்த்துக்கொண்டது. ரயிலில் தரையில் படுத்துப் போயிருக்கிறேன், லாரியில் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து போயிருக்கிறேன், விமானத்திலும் போயிருக்கிறேன். கப்பலில் மட்டும் கால் வைத்ததில்லை. கப்பல் என்றால் எனக்கு வயிறு எரிவது பழைய வியாதி. அது தொடங்கியது நாம் எட்டாவது படித்த வருஷம்.

அந்த வருஷம் என் அப்பா கப்பலில் இருந்தார். உங்களில் பாதிப் பேருக்கு அது தெரிந்திருக்காது. தெரிந்தவர்கள் அவரை என் பெரியப்பா மகனின் சித்தப்பா என்றுதான் நினைவு வைத்திருப்பீர்கள். அந்த அநியாயத்தைத்தான் எழுதப்போகிறேன்.

அப்பா தெப்பக்குளம் பக்கம் ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தவர். பம்பாயில் ஒரு ஏஜெண்டு மூலமாக வெள்ளைக்காரர்கள் ஊர் சுற்றிப் பார்க்கும் கப்பலில் சலவை வேலை கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் வடக்கு வாசல் பக்கம் எங்கள் வீடு. முன்கட்டில் பெரியப்பா, பெரியம்மா, அவர்களுடைய ஒரே மகன். பின்கட்டில் ஒரு அறையும் சமையல் சார்ப்பும் எங்களுக்கு. பெரியப்பா மண்ணச்சநல்லூரில் ஒரு அரிசி மில்லில் மேஸ்திரி. அவர் வீட்டுக்கு வந்தால் கூடவே தவிட்டு வாசனையும் வரும்.

அப்பா போன கொஞ்ச நாளில் முதல் கார்டு வந்தது. நம்முடைய மஞ்சள் போஸ்ட் கார்டு இல்லை. வழவழவென்று, ஒரு பக்கம் முழுக்க வர்ணப்படம். வெள்ளை மாளிகை மாதிரி ஒரு கப்பல், கீழே கண்ணாடி போலக் கடல். மறுபக்கம் அப்பாவின் எழுத்து, எறும்பு ஊர்ந்தது போல. பெரியம்மா அதன் நான்கு மூலையிலும் குங்குமம் தடவி, பூஜை மாடத்தில் வைத்துவிட்டாள். பெரியப்பா மில்லிலிருந்து வந்து, குளித்து, நெற்றிக்கு இட்டுக்கொண்டு, கூடத்தில் நின்று சத்தமாகப் படித்தார். அன்றிலிருந்து எல்லாக் கார்டுக்கும் அதுதான் முறை.

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. இங்கு நான் நலம். அங்கு தாங்களும் அண்ணியும் தங்கள் மகனும் வீட்டில் எல்லோரும் நலமா?"

இவ்வளவுதான். நானும் அம்மாவும் அந்த 'எல்லோரும்' என்பதற்குள் எங்கேயோ இருந்தோம். எங்கள் வீடுகளில் வெளியூர் போன ஆண்பிள்ளை அண்ணனுக்குத்தான் கடிதம் போடுவான். பெண்டாட்டி பெயருக்குப் போட்டால் தெருவே சிரிக்கும். அண்ணனை மதிக்காதவன் என்று ஆகிவிடும். அதுவும் கார்டு. தபால்காரர் படிப்பார், பக்கத்து வீட்டில் கொடுத்தால் அவர்கள் படிப்பார்கள். அதில் பெண்டாட்டியை நலம் விசாரிக்க முடியுமா? அப்பா கப்பலிலிருந்து எழுதினாலும் எங்கள் தெரு வழக்கப்படிதான் எழுதினார்.

இது எனக்கு இப்போது புரிகிறது. அப்போது புரிந்ததெல்லாம் ஒன்றுதான். கார்டு படித்து முடிந்ததும் அண்ணன் கைக்குப் போய்விடும். அண்ணன் என்று நான் சொல்வது பெரியப்பா மகனை. என்னைவிட ஒரு வயது மூத்தவன். மறுநாள் காலை அதைப் புத்தகத்துக்குள் வைத்துப் பையன்கள் பள்ளிக்குக் கொண்டுபோவான். பார்க்க வேண்டுமானால் ஒரு அரைநெல்லி. தொட்டுப் பார்க்க வேண்டுமானால் ஒரு பிடி. சாயங்காலம் கால்சட்டைப் பை புடைக்க வருவான். கார்டை ஞாபகமாக மாடத்தில் வைத்துவிட்டு, என் எதிரிலேயே உட்கார்ந்து தின்பான்.

"ஒண்ணு குடு."

"நீ கார்டு பாத்தா நீயும்தான் குடுக்கணும்."

"அது எங்க அப்பா போட்டது."

"எங்க சித்தப்பா போட்டது. விலாசத்துல யார் பேரு இருக்குன்னு பாரு."

பார்த்தேன். பெரியப்பா பெயர்தான் இருந்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன், என் பெயர் எழுதி ஒரு கார்டு வர வேண்டும். வேறு எதுவும் வேண்டாம். அப்பா வரும்போது பொம்மை வேண்டாம், கவுன் வேண்டாம். வாசலில் தபால்காரர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

கார்டுகள் வந்துகொண்டே இருந்தன. பனைமரம் மாதிரியும் தென்னைமரம் மாதிரியும் இல்லாத ஒரு மரம். ரோஜா நிறத்தில் வீடுகள். ஒன்றில் கடற்கரையில் இரண்டு பெண்கள் ஜட்டியும் பாடியுமாகப் படுத்திருந்தார்கள். பெரியம்மா அதைப் பார்த்து, "பெருமாளே!" என்று கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு தினசரிக் காலண்டரில் ஒரு தாளைக் கிழித்துச் சோற்றுப் பருக்கையால் அந்தப் பெண்கள் மேல் ஒட்டி, குங்குமமும் வைத்து மாடத்தில் ஏற்றினாள். அண்ணன் பள்ளிக்கூடத்தில் அந்தத் தாளைத் தூக்கிக் காட்ட இரண்டு பிடி நெல்லி வாங்கினான்.

எல்லாக் கார்டிலும் அப்பாவின் எழுத்துக்கு மேலே மையால் அழுத்தி அடித்த ஒரு பட்டை இருக்கும். அது என்னவென்று பெரியம்மா கேட்டாள்.

"அதுவா? கப்பல்ல சென்சார் பண்ணுவாங்க," என்றார் பெரியப்பா. "கப்பல் எந்தப் பக்கம் போகுதுன்னு இவன் எழுதியிருப்பான். அது ரகசியம். அடிச்சிருவாங்க."

நாங்கள் எல்லோரும் அந்தப் பட்டையைப் பயபக்தியோடு பார்த்தோம்.

மார்கழி வந்தது. வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தில் தபால் தாமதமாகி, ஒரு மத்தியானம் ஒரு கார்டு வந்தது. பெரியப்பா வழக்கம்போல் படித்தார். அண்ணன் வழக்கம்போல் வாங்கினான். வாங்கியவன் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, "அப்பா, இதுல சென்சார் சரியா அடிக்கல," என்றான். "இங்கிலீஷ்ல என்னமோ இருக்கு. டியர்... டோரதி."

"டோரதின்னா?" என்றாள் பெரியம்மா.

"பொம்பளை பேரும்மா. எங்க ஸ்கூல் பக்கத்துல நர்ஸ் ஒருத்தங்க இருக்காங்க, அவங்க பேரு."

பெரியப்பா கார்டைப் பிடுங்கிப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "இதுவும் கப்பல் சமாச்சாரம்தான்," என்றார். ஆனால் பெரியம்மாவிடம் கார்டைக் கொடுக்கும்போது என் அம்மா பக்கம் பார்க்கவில்லை. பெரியம்மா பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

அம்மா பின்கட்டுக்குப் போய், ஏற்கனவே தேய்த்துக் கவிழ்த்திருந்த பாத்திரங்களை மறுபடி எடுத்துப் போட்டுத் தேய்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்தப் பெயரை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அடுத்த நாட்களில் தனியாக இருக்கும்போது என்னிடம் கேட்பாள், "தோரதின்னா வெள்ளைக்காரியாத்தான் இருக்கணுமா? நம்ம ஊர்ப் பொண்ணுங்களுக்கும் அந்தப் பேர் வைக்கிறாங்கதானே?"

எனக்கும் கவலை வந்தது, ஆனால் வேறு கவலை. டோரதிக்கு ஒரு மகள் இருந்தால்? அப்பா அவளுக்கு அவள் பெயர் போட்டே கார்டு எழுதுகிறாராக்கும் என்று தோன்றியது. அந்த இல்லாத பெண்மேல் எனக்கு அண்ணன்மேல் இருந்ததைவிட வயிறு எரிந்தது. அவளுக்குப் பொன்னிற முடி என்றும், நாள் முழுக்கக் கப்பல் குளத்தில் குளிக்கிறாள் என்றும் நானே வைத்துக்கொண்டேன். எங்களுக்குக் குளிக்கத் தெருக்குழாய்த் தண்ணீர், அதுவும் வரிசையில் நின்று.

அப்பாவுக்கு எழுதும் கடிதமெல்லாம் பெரியப்பா எழுதுவார். எழுதும்போது ஒவ்வொரு வார்த்தையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவார். அதில் போய் டோரதி யார் என்று கேட்கச் சொல்ல அம்மாவால் முடியாது. மூத்தாரான அவரிடம் அவள் நேருக்கு நேர் பேசியே நான் பார்த்ததில்லை.

சின்னக்கடை வீதியில் பொங்கல் வாழ்த்து அட்டைகளைக் கயிற்றில் தொங்கவிட ஆரம்பித்தார்கள். நினைவிருக்கிறதா? கரும்பு, மாடு, பானை பொங்கி வழிவது, ஜிகினா தூவினது. கையில் ஒட்டும் ஜிகினா பள்ளிக்கூடம் முடிகிறவரை மினுக்கும். யார் யாருக்கு அனுப்பினார்கள், யார் பதில் போட்டார்கள் என்று நம் வகுப்பில் எவ்வளவு சண்டை. வாழ்த்து வந்தால் பதில் வாழ்த்து போட்டே ஆக வேண்டும். அனுப்பினவர் பெயருக்கே போட வேண்டும். போடாதவளோடு பேசக்கூடாது. இதைச் சொன்னதும் அம்மாதான் யோசனை சொன்னாள்.

"உங்கப்பாவுக்கு நீ ஒரு பொங்கல் வாழ்த்து போடேன். பிள்ளைங்க வாழ்த்து போட்டா யாரு என்ன சொல்லப்போறாங்க?"

"விலாசம்?"

அடுப்பில் குழம்பைக் கிண்டிக்கொண்டே பம்பாய் ஏஜெண்டின் விலாசத்தை முழுக்கச் சொன்னாள். கட்டட எண், சந்து, பின்கோடு எல்லாம். பெரியப்பா வாய்விட்டு எழுதும்போது கதவுக்குப் பின்னால் நின்று கேட்டே மனப்பாடம் செய்திருக்கிறாள். எனக்குப் பத்து வரிச் செய்யுள் ஏறாது.

ஜிகினா மாடு படம் வாங்கினேன். ஆங்கிலத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தவள் இப்போது கப்பலில் போயிருக்கிறாளே, அவள்தான். "கப்பலுக்கா?" என்று கேட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு முத்து முத்தாக எழுதினாள். அவளுக்கு இது மறந்திருக்கும். உள்ளே நான் எழுதினேன்: 'அப்பாவுக்குப் பொங்கல் வாழ்த்துக்கள். டோரதி யார்? எனக்குப் பதில் வாழ்த்து என் பெயருக்கே போடவும்.' முதல் வரி என்னுடையது, இரண்டாவது அம்மாவுடையது, மூன்றாவது மறுபடி என்னுடையது. ராஜகோபுரத்துக்குப் பக்கத்துப் பெட்டியில் இருவரும் சேர்ந்து போய்ப் போட்டோம்.

பொங்கல் போய், மாசி போனது. காவேரியில் மணல்தான் ஓடியது. அம்மாவுக்குக் கன்னம் ஒட்டிப்போயிற்று. பெரியம்மா, "அவன் பணம் ஒழுங்கா அனுப்புற வரைக்கும் நமக்கென்ன?" என்று ஆறுதல் மாதிரி சொன்னாள். நான் தினமும் வாசலில் தபால்காரரை மறித்தேன். "உன் பேருக்கு ஜெனரல் போஸ்டாபீஸே வரும், போ பாப்பா," என்பார் அவர்.

பங்குனியில் கார்டு வந்தது. விலாசத்தைத்தான் முதலில் பார்த்தேன். பெரியப்பா பெயர்.

அப்போது அழாமல் எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. பெரியம்மா குங்குமம் வைத்தாள். பெரியப்பா குளித்துவிட்டு வந்து நின்றார். அண்ணன் என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினான்.

"அன்புள்ள அண்ணன் அவர்களுக்கு, தம்பி எழுதிக்கொண்டது. பாப்பா அனுப்பிய பொங்கல் வாழ்த்து கிடைத்தது. டோரதி யார் என்று..." பெரியப்பா நிறுத்தினார். "இதை யாரு கேட்டது?"

நான் தரையைப் பார்த்தேன். சமையல் சார்ப்பு வாசலிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. "நான்தான் கேக்கச் சொன்னேன்."

பெரியப்பா அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. மிச்சத்தை அவசரமாகப் படித்தார். "...என்று கேட்டிருக்கிறாள். எனக்கும் தெரியாது. இங்கே பயணிகள் உட்கார்ந்து ஊருக்குக் கார்டு எழுத ஒரு ஹால் இருக்கிறது. சலவை முடிந்தபின் அதைப் பெருக்குவது என் முறை. எழுத்து தப்பானால் கார்டைக் குப்பைக் கூடையில் போட்டுவிடுகிறார்கள். நல்ல கார்டு வீணாகிறதே என்று பொறுக்கி, அவர்கள் எழுதியதை அடித்துவிட்டு நமக்கு எழுதுகிறேன். புதுக் கார்டு விலை கட்டுப்படியாகாது. வீட்டில் எல்லோரும் நலமா?"

முதலில் சிரித்தது அம்மா. முந்தானையை வாயில் வைத்தும் அடங்கவில்லை. மூத்தார் நிற்கிற கூடத்தில் அவள் சிரித்துக் கேட்டது அதுதான் முதல் தடவை. தோரதி ஒருத்தியும் இல்லை, யாரோ எழுத்துப் பிழை செய்ததால் ஒரு கிழவிக்கோ குமரிக்கோ போகாமல் நின்ற கார்டு, அவ்வளவுதான்.

பெரியம்மா சிரிக்கவில்லை. "குப்பைக் கூடையா?" என்றாள். "எதை எதைப் போட்ட கூடையோ! இதையா பெருமாள் பக்கத்துல வச்சேன்?" அப்போதே மாடத்தை ஒழித்தாள். கார்டுகளை இடுக்கியால் எடுத்து வாசலில் போட்டாள். மாடத்தைக் கழுவி, மஞ்சள் தண்ணீர் தெளித்து, மறுபடி குளித்தாள்.

"அப்ப அது சென்சார் இல்லியாப்பா?" என்று கேட்ட அண்ணனுக்கு முதுகில் ஒன்று விழுந்தது. அடி வாங்கிய கோபத்தில் கார்டுகளைக் காலால் என் பக்கம் தள்ளினான். "குப்பை. நீயே வச்சுக்க."

எடுத்துக்கொண்டேன். ஆனால் அவன் உதைத்துத் தள்ளியதை எடுப்பதில் என்ன இருக்கிறது? எல்லாவற்றிலும் அவன் அப்பா பெயர்தான்.

அன்று சாயங்காலமே பெரியப்பா பதில் எழுதினார், வழக்கம்போல் வாய்விட்டு. "இனிமேல்... இந்த மாதிரி... பொறுக்கின கார்டு... என் பெயருக்குப் போட வேண்டாம். எனக்குக் காகிதத்தில் எழுது. கார்டுதான் போடுவேன் என்றால்..." பேனாவை நிறுத்தி என்னைப் பார்த்தார். "சின்னப் பிள்ளைக்கு என்ன தீட்டு. பாப்பா பெயருக்குப் போட்டுக்கொள்."

சித்திரை வெயிலில், தெரு ஓய்ந்திருந்த மத்தியானத்தில், தபால்காரர் வாசலில் நின்று என் பெயரைக் கூப்பிட்டார். முழுப் பெயர், முன்னால் செல்வி போட்டு. அவருக்கே ஆச்சரியம். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. நான் பாவாடையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். வைக்கோல் தொப்பி போட்ட ஒரு கழுதையின் படம். மறுபக்கம் யாரோ ராபர்ட்டுக்கு எழுதத் தொடங்கியதை அப்பா அடித்திருந்தார். அடித்ததற்குக் கீழே, 'அன்பு மகளுக்கு.'

அண்ணன் பின்னாலேயே வந்தான். "என்ன படம்? காட்டு."

"குப்பை. உனக்கெதுக்கு?"

"சும்மா ஒரு தடவை காட்டேன், பாப்பா."

அவன் என்னிடம் அந்தக் குரலில் கேட்டதே இல்லை. கழுதை என் பக்கம் இருக்கும்படி பிடித்து, விலாசம் எழுதிய பக்கத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினேன். அவன் படித்தான். உள்ளே போனான்.

அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கார்டை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதுல எது உன் பேரு?"

காட்டினேன். அதன்மேல் விரலை வைத்தாள்.

"என் பேரு எங்கயாவது போட்டிருக்கா?"

நான்கைந்து வரிதான் இருந்தது. இருந்தும் தேடுவது போலத் தேடினேன். "வீட்டில் எல்லோரும் நலமான்னு கேட்டிருக்காரும்மா."

"எல்லோரும்னா உங்க பெரியப்பா, பெரியம்மா எல்லாம் சேர்த்துதானே?"

"ஆமா."

"அப்ப அது அவங்களுக்கு," என்று கார்டை என் கையில் கொடுத்தாள். கொடுத்தபின்னும் விரலை உடனே எடுக்கவில்லை. அண்ணன் கையில் கார்டு இருக்கும்போதெல்லாம் நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படி என்னைப் பார்த்தாள். கடைசிவரை அவள் பெயருக்கு அப்பா ஒரு கார்டும் போடவில்லை.

அந்தப் பார்வை என்னவென்று எனக்கு அப்போதே தெரிந்தது. கார்டு என் பெயருக்கு வந்ததன் முழு ருசியும் அந்தப் பார்வையில்தான் தெரிந்தது.